மாணவர் கைகளில் ஓர் அரசறிவியல் ஆய்விதழ்

கல்லூரி என்றால் ஆண்டுமலர் உண்டு. தாளாளரின் ஒளிப்படம், முதல்வரின் வாழ்த்துரை, துறைதோறும் ஓர் அறிக்கை, விளையாட்டில் வென்றோர் பட்டியல், நடுநடுவே கவிதைகள், ஒரு சிறுகதை, இறுதியில் நன்றியுரை என அதன் அமைப்பு நாம் அறிந்ததே. மலரில் இடம் கேட்டு வந்த மாணவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது மரபன்று. எவரையும் விட்டுவிடக்கூடாது என்பதே மலர்க்குழுவின் முதற்கவலை. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. மலரின் இயல்பு அது. இக்கட்டுரைக்கும் அத்தகையதொரு மலரே இடம் தந்துள்ளது.

ஆய்விதழின் இயல்பு வேறு. அங்கே ஒரு கட்டுரை இடம் கேட்கிறது. அதற்கு இடம் தரலாமா என்று வேறு சிலர் படித்துப் பார்த்து முடிவு செய்கின்றனர். தகுதியற்றதாயின் மறுக்கின்றனர், குறையுடையதாயின் குறையைச் சொல்லித் திருப்பி அனுப்புகின்றனர். முதுகலை முடித்து, ஆய்வு முடித்து, ஆசிரியப் பணிக்கு வந்தபின்னரே இவ்வுலகிற்குள் நுழைய வேண்டும் என்பது நம்மிடையே பரவியுள்ள எண்ணம். இளங்கலை மாணவர் கட்டுரை எழுத, இளங்கலை மாணவரே அதனை மதிப்பிட்டு, திருத்தி, அச்சேற்றி வெளியிடும் ஆய்விதழ்கள் உலகில் பல உள்ளன என்பதும், அவற்றுள் அரசறிவியலுக்கென்றே நடப்பனவும் உண்டு என்பதும் நம் மாணவர்க்கு வியப்பாகத் தோன்றலாம். அவ்விதழ்கள் எவ்வாறு நடக்கின்றன, நம் பக்கத்தில் அத்தகையதொன்று நடக்க வேண்டுமாயின் எதில் கருத்தூன்ற வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பக்கம் என்று நான் குறிப்பது விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட பிரம்மதேசம் வட்டாரத்தை. செய்யாற்றுப் பக்கத்தில் ஒரு பிரம்மதேசமும், அம்பாசமுத்திரத்தருகே ஒரு பிரம்மதேசமும் உள்ளன. அவற்றோடு இதனை மயங்கலாகாது. இப்பிரம்மதேசத்திற்கு அண்மையில் எண்ணாயிரம் என்னும் ஊர் இருக்கிறது. முதலாம் இராசேந்திர சோழன் (1012–1044) காலத்துக் கல்வெட்டொன்று அவ்வூரில் ஒரு கல்லூரி நடந்ததைத் தெரிவிக்கிறது. மாணாக்கர் 340 பேர். அவருள் இளநிலையினர் 270, மேல்நிலையினர் 70. ஆசிரியர் 14 பேர். நிறுவனத்தின் செலவுக்கு 45 வேலி நிலம். இளநிலை மாணாக்கர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். மேல்நிலையினர்க்கு 1 குறுணி 2 நாழி. மேல்நிலையினருள் 25 பேர் இலக்கணமும், 35 பேர் பிரபாகர மீமாம்சையும், 10 பேர் வேதாந்தமும் பயின்றனர். வேதக் கல்விக்கென நிறுவப்பெற்ற அக்கல்லூரி எல்லார்க்கும் திறந்திருந்ததன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. மேல்நிலையினருள் பாதிப்பேர் பயின்ற மீமாம்சை என்பது சொற்போர்க் கலை. எதிராளியின் கட்சியை முதலில் முழுமையாக எடுத்துரைத்து, அதன் பின்னரே தன் கட்சியை நிறுவ வேண்டும் என்பது அதன் ஒழுங்கு. இன்று ஆய்விதழின் மதிப்பீட்டாளர் இளங்கலை மாணவரிடம் கேட்பதும் ஏறத்தாழ இதுவே: ‘உன் கருத்துக்கு மாறான கருத்தை நீ எங்கே சொல்லியிருக்கிறாய்?’

இனி, தமிழகத்தில் மாணவர் கைவைத்த அரசியல் இதழ்களுள் மிகப் பெரிதாக வளர்ந்த ஒன்றைப் பார்ப்போம். 1878ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்திற்கு முதல் இந்திய நீதிபதியாக தி. முத்துசாமி ஐயர் அமர்த்தப்பட்டார். ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் அதனைத் தாக்கி எழுதின. மறுமொழி சொல்ல இந்தியர் கையில் ஏடு இல்லை. திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைச் சார்ந்த ஆறு இளைஞர் ஒன்றுகூடினர். அவருள் ஜி. சுப்பிரமணிய ஐயரும் மு. வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள்; முன்னவர்க்கு வயது 23, பின்னவர்க்கு 21. ஏனைய நால்வர், டி. டி. ரங்காச்சாரியார், பி. வி. ரங்காச்சாரியார், டி. கேசவ ராவ் பந்த், ந. சுப்பா ராவ் பந்துலு ஆகியோர், சட்டக் கல்வி பயின்ற மாணவர்கள். 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கி, 80 படிகள் அச்சிட்டு, 1878 செப்டம்பர் 20ஆம் நாள் ஒரு வார ஏட்டை வெளியிட்டனர். அதுவே ‘தி ஹிந்து’.

இக்கதையை நம் மேடைகளில் சொல்வோர் கடன் வாங்கிய தொகையோடு நிறுத்திவிடுவர். எனக்கு முதன்மையாகத் தோன்றுவது அடுத்து நடந்தது. சட்டப்படிப்பை முடித்துத் தொழிலுக்குச் சென்றதும் மாணவர் நால்வரும் ஏட்டிலிருந்து விலகினர். ஆசிரியர் இருவர் மட்டுமே எஞ்சினர். அவ்விருவரும் தம் வாழ்வையே அதில் வைத்ததால் ஏடு பிழைத்தது. 1883இல் வாரம் மும்முறையாகவும், 1889இல் நாளேடாகவும் ஆயிற்று. அவர்களும் தத்தம் வழியே போயிருப்பின், 80 படிகள் அச்சான ஒரு மாணவர் முயற்சி என்று யாரேனும் எங்கேனும் ஓர் அடிக்குறிப்பு எழுதியிருப்பர், அவ்வளவே. மாணவர் விலகியது பிழையன்று. மாணவன் என்பவன் போய்விடக் கூடியவன். மூன்றாண்டில் போய்விட வேண்டியவன். மாணவர் இதழின் எல்லா இடர்ப்பாடுகளுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

தமிழில் மாணவர் ஏடுகள் பலவும் கையெழுத்தேடுகளாகவே பிறந்தன. மு. கருணாநிதி திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோது ‘மாணவநேசன்’ என்னும் கையெழுத்தேட்டை நடத்தியதும், 1942இல் ‘முரசொலி’யைத் துண்டறிக்கையாகத் தொடங்கியதும் யாவரும் அறிந்தவை. ஈழத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தார் 1940களின் இறுதியில் தொடங்கிய ‘இளங்கதிர்’ ஆண்டிதழ், மாணவரையே இதழாசிரியராகக் கொண்டு, ஆண்டுக்கொருவர் மாற, பேராதனையில் நெடுங்காலம் தொடர்ந்தது. இவற்றுள் முதலது பரப்புரை ஏடு. இரண்டாவது இலக்கிய மலரும் ஆய்விதழும் கலந்தது. அரசறிவியலுக்கென்றே மாணவர் நடத்தும் ஆய்விதழுக்கு எடுத்துக்காட்டுத் தேடின் நாம் கடல் கடக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கு முன்மாதிரி சட்ட இதழ்கள். ஹார்வர்டு சட்டப் பள்ளியின் ‘ஹார்வர்டு லா ரிவியூ’ 1887இல் மாணவர்களால் தொடங்கப்பெற்றது. இன்றும் மாணவரே அதனை நடத்துகின்றனர். புகழ்மிக்க பேராசிரியர் கட்டுரை அனுப்பினாலும் அதனை ஏற்பதும் மறுப்பதும் மாணவர் கையில். ஆசிரியரை மாணவர் மதிப்பிடும் இவ்வழக்கம் நமக்குத் தலைகீழாகத் தோன்றும். அங்கும் அதனைக் குறைகூறுவோர் இல்லாமல் இல்லை. 1990இல் அவ்விதழின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் பராக் ஒபாமா. அப்பொறுப்பை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. நம் நாட்டில் பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளியின் மாணவர்கள் நடத்தும் ‘நேஷனல் லா ஸ்கூல் ஆஃப் இந்தியா ரிவியூ’ இம்மரபைச் சார்ந்தது. அதில் வந்த கட்டுரையை இந்திய உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எடுத்தாண்டுள்ளது.

அரசறிவியலுக்கு வருவோம். 1920இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ‘பை சிக்மா ஆல்ஃபா’ என்பது அரசறிவியல் மாணவர்க்கான தேசியச் சங்கம். அதன் ஆதரவில் இளங்கலை மாணவர் கட்டுரைகளுக்கென்றே ஓர் ஆய்விதழ் 2001இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மாணவர் குழு ஒன்று கட்டுரைகளைத் தெரிந்தெடுக்கிறது. பல்வேறு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மதிப்பீட்டில் துணை நிற்கின்றனர். குழுவுக்கு ஆசிரிய ஆலோசகர் ஒருவர் உண்டு. தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இவ்விதழ் இடையில் நின்று போயிற்று. பின்னர் மிச்சிகனிலுள்ள ஓக்லந்து பல்கலைக்கழகத்து மாணவர்கள் அதனை ஏற்று நடத்தினர். அதன்பின் வேறு பல்கலைக்கழகங்களுக்கும் மாறிச் சென்றது. ஒரு வளாகம் சோர்ந்தால் மற்றொரு வளாகம் ஏற்கிறது. இதழ் சங்கத்தின் உடைமை. வளாகம் அதன் தற்காலிக இருப்பிடம். 1878இல் சட்ட மாணவர்க்கு இல்லாமற்போன ஏற்பாடு இதுவே.

இனி இதழ் நடக்கும் முறையைக் காண்போம். கல்வியாண்டின் தொடக்கத்தில் கட்டுரை கோரும் அறிவிப்பு வெளியாகும். எவ்வளவு நீளம், எம்முறையில் அடிக்குறிப்பு, எந்நாள் இறுதி என்பன அதில் தெளிவாக இருத்தல் வேண்டும். வந்த கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண்ணும் நாளும் ஒரு பதிவேட்டில் ஏறும். எழுதியவர் பெயர், கல்லூரி, நன்றியுரை ஆகியவற்றை நீக்கிய படி ஒன்றை ஒருவர் மட்டும் உருவாக்குவார். பெயர் அவரொருவருக்கே தெரியும். அப்படி இரண்டு மதிப்பீட்டாளர்க்குப் போகும். மதிப்பீட்டாளர் யாரென்று எழுதியவர்க்குத் தெரியாது. எழுதியவர் யாரென்று மதிப்பீட்டாளர்க்கும் தெரியாது. இருவரும் தனித்தனியே எழுதிய குறிப்பைக் கொண்டு குழு கூடி முடிவெடுக்கும். முடிவு மூன்று வகைப்படும்: ஏற்பு, திருத்தத்திற்குப் பின் ஏற்பு, மறுப்பு. நேரடி ஏற்பு அரிதினும் அரிது.

நம் கல்லூரிகளில் பெயரை நீக்குவதால் மட்டும் பயன் விளையாது. ஒரு வகுப்பில் நாற்பது பேர். யார் எந்தப் பொருளைப் பற்றி எழுதுகிறார் என்பது விடுதியின் உணவுக்கூடத்திலேயே தெரிந்துவிடும். எழுத்துநடையே காட்டிக் கொடுக்கும். எனவே ஒரு கல்லூரியின் கட்டுரைகளை வேறொரு கல்லூரியின் மாணவர் மதிப்பிடும் ஏற்பாடு நன்று. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, அருகிலுள்ள புதுச்சேரிக் கல்லூரிகள் எனப் பேருந்தில் ஓரிரு மணி நேரத்திற்குள் எத்தனையோ வகுப்பறைகள் உள்ளன. நாம் தலைவர்களையும் பேச்சாளர்களையும் பரிமாறிக் கொள்கிறோம். மாணவரின் கட்டுரைகளைப் பரிமாறிக் கொண்டதில்லை.

குழுவின் வேலையில் கடினமானது மறுப்புக் கடிதம். நண்பனுக்கு, ஒரே அறையில் தங்கியிருப்பவனுக்கு, ‘உன் கட்டுரையை ஏற்க இயலவில்லை’ என்று எழுத வேண்டும். அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். ‘நன்றாக இல்லை’ என்பது காரணமாகாது. ‘மூன்றாம் பகுதியில் நீ கூறும் முடிவுக்கு முதற்பகுதியில் நீ தந்த சான்று போதவில்லை, இன்ன ஆவணத்தைப் பார்த்திருந்தால் உன் முடிவு மாறியிருக்கும்’ என்று எழுதுவதற்குக் கட்டுரையை இருமுறையேனும் படித்திருக்க வேண்டும். இவ்வாறு ஐந்து கடிதம் எழுதிய மாணவன், தேர்வுக்காகக் குறிப்பேட்டை மனப்பாடம் செய்த மாணவனைவிட அரசறிவியலை நன்கு கற்றிருப்பான் என்பது என் துணிபு. எழுதுவோர்க்குக் கிடைக்கும் பயனைப் பற்றியே எல்லாரும் பேசுகின்றனர். பயன் மிகுதியும் மறுப்போர்க்கே.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். நம் வட்டார மாணவி ஒருத்தி தன் ஊராட்சியைப் பற்றி எழுதுவதாகக் கொள்வோம். ‘பெண் தலைவர் பெயரளவில்தான், ஆட்சி செய்பவர் அவர் கணவரே’ என்பது அவள் கட்டுரையின் முடிவு. ஊரில் எல்லாரும் சொல்வதுதானே என்று குழு ஏற்றுவிடலாம். ஆய்விதழ்க் குழு அவ்வாறு ஏற்கலாகாது. தமிழ்நாட்டில் கிராம சபை 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாள்களில் கூட்டப் பெறுவதாயிற்று: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நீ எத்தனை கூட்டங்களுக்குச் சென்றாய்? தலைமை வகித்தவர் யார்? தீர்மானப் பதிவேட்டைப் பார்த்தாயா? காசோலையில் கையெழுத்திடுபவர் யார்? அத்தலைவரிடமே பேசினாயா, அல்லது அவரைப் பற்றி ஆண்கள் சொன்னதை மட்டும் கேட்டாயா? இந்த இறுதி வினா முன்னைய நான்கினும் கூர்மையானது. ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றிலொரு பங்காக இருந்த இடஒதுக்கீடு தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் பாதியாக உயர்ந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. அதில் வென்ற பெண்களைப் பற்றி அவர்களையே கேட்காமல் எழுதிய கட்டுரை எத்துணை அழகிய தமிழில் இருந்தாலும் வதந்தியின் நல்ல படியே ஆகும்.

அக்கட்டுரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. எழுதியவள் அவ்வூரிலேயே வாழ்பவள். அச்சான இதழ் அவ்வூருக்கும் போகும். ஊர்ப்பெயரை மறைத்தால் போதுமா? ‘ஏரிக்கரையில் மாரியம்மன் கோயிலும் எதிரே பள்ளிவாசலும் உள்ள ஊராட்சி’ என்று எழுதினால் வட்டாரத்தார் அனைவர்க்கும் புரிந்துவிடும். அவள் தந்தை அவ்வூராட்சியில் நூறுநாள் வேலைக்குச் சென்றவராகவும் இருக்கலாம். நகரத்துப் பல்கலைக்கழக மாணவர்க்கு ஆய்வுக்களம் என்பது போய்வரும் இடம். நம் மாணவர்க்கு அது வீடு. எனவே எதனை அச்சிடுவது, எதனை விடுவது, யார் பெயரை எவ்வாறு மாற்றுவது என்பதை எழுதியவரோடு அமர்ந்து குழு முடிவு செய்தல் வேண்டும். வெளிநாட்டு இதழ்களின் வழிகாட்டிக் குறிப்புகள் இதற்கு ஓரளவே உதவும்.

எழுதத்தக்க பொருளுக்கு இங்குப் பஞ்சமில்லை. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னமின்றி நடக்கின்றன; ஒன்றிய, மாவட்டக் குழுத் தேர்தல்கள் கட்சிச் சின்னத்தோடு நடக்கின்றன. ஒரே நாளில், ஒரே வாக்குச்சாவடியில், ஒரே வாக்காளர் இருவகையாகவும் வாக்களிக்கிறார். சின்னமில்லாத இடத்தில் கட்சி என்ன ஆகிறது? 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டம் 2019இல் மீண்டும் பிரிந்து கள்ளக்குறிச்சி தனியாயிற்று. தலைநகர் அண்மையில் வந்தால் ஆட்சியும் அண்மையில் வருமா? இவை நூலகத்தில் விடை காண இயலாத வினாக்கள்.

சுடும் பொருள்களும் உள்ளன. 1987இல் இவ்வட்டாரச் சாலைகளில் நடந்த இடஒதுக்கீட்டுப் போராட்டம், 1989இல் வந்த மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கான 20 விழுக்காடு, 2021 பிப்ரவரியில் வன்னியர்க்கு 10.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளித்த சட்டம், அவ்வாண்டு நவம்பரில் அதனைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது ஆகியவற்றைப் பற்றி விழுப்புரத்து அரசறிவியல் மாணவர் எழுதாமல் வேறு யார் எழுதுவது? எழுதினால் வகுப்பறையில் சண்டை வரும் என்று அஞ்சி விலக்குவது எளிது. அதனினும் நல்ல வழி, இருவேறு சார்புடைய மாணவரை மதிப்பீட்டாளராக்கி, இருவரும் ஏற்கும் அளவுக்குச் சான்று கேட்பது. இருவரும் முடிவை ஏற்க வேண்டுவதில்லை. சான்றை ஏற்றால் போதும். கட்சியிலோ சாதிச் சங்கத்திலோ பொறுப்பில் இருக்கும் மாணவர் கட்டுரை எழுதலாம்; அவரை ஆசிரியர் குழுவில் அமர்த்தலாகாது என்பது என் கருத்து. இதனை ஏற்காத நண்பர்களும் எனக்குண்டு.

தமிழாசிரியன் என்ற முறையில் மொழியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். அரசறிவியலை ஆங்கிலத்தில் எழுதும் மாணவன், பாடநூலில் உள்ள தொடரைச் சிறிது மாற்றி எழுதித் தப்பிவிடலாம். தமிழில் எழுதும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்திருக்க வேண்டும். அரசு வேறு, அரசாங்கம் வேறு. நாடு, தேசம், மாநிலம் ஆகியவை ஒன்றல்ல. நம் செய்தித்தாள்கள் இவற்றைக் கலந்தே எழுதுகின்றன. ‘மத்திய அரசு’ என்பதா, ‘ஒன்றிய அரசு’ என்பதா என்று 2021இல் தமிழகமே வாதிட்டது. அரசமைப்பின் முதல் உறுப்பு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது; அச்சொல்லை மாநில அரசு எடுத்தாண்டபோது அது ஒரு நிலைப்பாடாகவே கொள்ளப்பட்டது. இதழாசிரியன் என்ன செய்ய வேண்டும்? எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே சொல்லாக மாற்றிவிட்டால் எழுதியவரின் நிலைப்பாட்டைக் குழு திருத்தியதாகும். எழுத்துப்பிழையையும் சந்திப்பிழையையும் திருத்தலாம். கொள்கைச் சொல்லை எழுதியவரைக் கேளாமல் தொடலாகாது. ஒரு கட்டுரைக்குள் இரண்டும் விரவி வருமாயின், ஏன் என்று கேட்கலாம். மெய்ப்புத் திருத்துவது எழுத்துக் கூட்டிப் படிக்கும் வேலை என்று எண்ணும் மாணவர்க்கு இவ்வொரு சொல்லே பாடமாகும்.

இக்காலத்து இடர் ஒன்றையும் விட்டுவிட இயலாது. கணிப்பொறியே கட்டுரை எழுதித் தரும் காலம் இது. பிழையற்ற நடையில், எங்கும் எதிலும் உறுதியில்லாத கட்டுரைகள் வந்து குவிகின்றன. அவற்றைக் கண்டறியும் மென்பொருள்களை நம்பி ஒரு மாணவரைக் குற்றவாளியாக்குவது முறையன்று. அதற்கு மாறாக, கட்டுரையோடு களக்குறிப்பையும் கேட்கலாம்: யாரிடம் எந்நாள் பேசினாய், எந்தப் பதிவேட்டை எங்கே பார்த்தாய் என்னும் கையெழுத்துக் குறிப்பு. ஊராட்சி அலுவலகம் மூன்று முறை பூட்டியிருந்தது என்ற செய்தி களக்குறிப்பில்தான் இருக்கும்.

இறுதிச் சொல் யாருடையது என்பது அடுத்த வினா. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஹேசல்வுட் உயர்நிலைப் பள்ளியின் மாணவர் ஏட்டில் மாணவியர் கருவுறுதல், பெற்றோர் மணவிலக்கு ஆகியவை பற்றி வரவிருந்த இரண்டு பக்கங்களை 1983இல் தலைமையாசிரியர் நீக்கினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1988இல் ஐவர்க்கு மூவர் என்ற கணக்கில் பள்ளிக்குச் சார்பாக முடிந்தது. பள்ளி பணம் கொடுத்துப் பாடமாக நடத்தும் ஏட்டில், கல்வி நோக்கத்திற்காகத் தலையிடலாம் என்றது நீதிமன்றம். கல்லூரிகளுக்கும் இது பொருந்துமா என்பதை அத்தீர்ப்பு முடிவு செய்யாமல் விட்டது. இங்கு நிலைமை வேறு. நம் கல்லூரிகளில் முதல்வரின் ஒப்புதலின்றி ஒரு சுவரொட்டியும் ஒட்ட இயலாது. மாணவர்க்கு முழு உரிமை வேண்டும் என்று மேடையில் முழங்குவது எளிது. நடைமுறையில் வேண்டுவது எழுதி வைத்த ஒப்பந்தம்: ஆலோசகராகிய ஆசிரியர் அச்சுக்கு முன் அனைத்தையும் படிப்பார், அவதூறோ, திருட்டோ, ஒருவர்க்குத் தீங்கோ இருந்தால் மட்டும் தடுப்பார், தடுத்தால் காரணத்தை எழுத்தில் தருவார், கருத்து வேறுபாடு மட்டும் காரணமாகாது. மாணவரிடம் மறுப்புக்குக் காரணம் கேட்கும் இதழில் ஆசிரியரிடமும் அதனைக் கேட்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றிய அச்சம் பலர்க்குண்டு. அதனைச் சுருக்கமாகத் தீர்த்துவிடலாம். 1867ஆம் ஆண்டுப் பத்திரிகை, நூல் பதிவுச் சட்டத்திற்கு மாற்றாக 2023இல் இயற்றப்பட்ட சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பொதுச் செய்தியையோ அதன் மீதான கருத்துரையையோ தாங்கி, குறித்த கால இடைவெளியில் அச்சாகும் வெளியீடுகளே அதன் பதிவுக்குள் வருவன; நூல்களும் கல்விசார் ஆய்விதழ்களும் அவ்வரையறைக்குப் புறம்பானவை. ஆகவே ஆய்விதழ் ஆய்விதழாகவே இருக்கும்வரை கவலையில்லை. அன்றாட அரசியல் விமரிசனம் எழுதத் தொடங்கினால் அது வேறு இனமாகிவிடும். ஐ.எஸ்.எஸ்.என். எனப்படும் எட்டிலக்க எண்ணைத் தில்லியிலுள்ள தேசிய மையம் கட்டணமின்றி வழங்குகிறது. அவ்வெண் இதழின் அடையாளமேயன்றித் தரச்சான்றன்று. அதனை அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டுப் பெருமை கொள்வோர் இதனை அறிதல் வேண்டும். பல்கலைக்கழக மானியக்குழு 2018இல் அறிவித்த ஏற்புடைய இதழ்ப் பட்டியல் முறையை 2025இல் கைவிட்டுவிட்டது. இளங்கலை இதழுக்கு அப்பட்டியல் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. பதவி உயர்வுக்கு மதிப்பெண் தேடி எவரும் இங்கு வரமாட்டார். இதனை நான் ஒரு பேறாகவே கருதுகிறேன்.

இனி முதலிற் கூறிய சிக்கலுக்கு, அதாவது போய்விடும் மாணவர்க்கு, வருவோம். கல்லூரி ஒன்றில் இத்தகைய இதழ் தொடங்கப்பட்டதை நான் அறிவேன். முதல் இதழுக்கு விழா எடுத்தனர். இரண்டாம் இதழும் வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் குழுவென்று பதினொரு பெயர்கள்; பதினொருவரும் மூன்றாமாண்டு மாணவர். ஏப்ரலில் அனைவரும் போயினர். மின்னஞ்சலின் கடவுச்சொல் ஒருவரோடு போயிற்று. அச்சகத்தார்க்குத் தர வேண்டிய பாக்கி யார் பொறுப்பு என்று தெரியவில்லை. ஏற்கப்பட்டு அச்சேறாத மூன்று கட்டுரைகள் எங்கே என்று கேட்டு வந்த மாணவிக்கு மறுமொழி சொல்ல ஆளில்லை. மூன்றாம் இதழ் வரவில்லை.

திண்டிவனத்திற்கு வடக்கே உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறைக்காக நாம் அவற்றைப் போற்றுகிறோம். அவற்றில் வேறு செய்திகளும் உண்டு. வாரியத்தில் இருப்போர் பொறுப்பு ஓராண்டு, 360 நாள். முந்தைய மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர இயலாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதியற்றவர். ஓராண்டே இருப்பவரிடம் ஊரை ஒப்படைக்க வேண்டுமாயின் கணக்கை எழுத்தில் வைக்க வேண்டும் என்பதை அவ்வூரார் அறிந்திருந்தனர். பிரம்மதேசம் என்னும் பெயரே அத்தகைய சபைகள் ஆண்ட பிரமதேய ஊர்களை நினைவூட்டுவது. சொத்தும் சாதியும் பார்த்து ஆள் தெரிந்த சபைகள் அவை. அதனைப் பின்பற்றச் சொல்லவில்லை. கணக்குக் காட்டாதவர்க்கு இடமில்லை என்ற விதியை மட்டும் எடுத்துக் கொள்ளலாம்.

ஆசிரியர் குழுவில் மூன்றாமாண்டினர் பாதிக்கு மேல் இருத்தலாகாது. முதலாமாண்டு மாணவர் இருவர் மெய்ப்புப் பார்க்கவேனும் உள்ளே வருதல் வேண்டும். அவர்களே பின்னர் இதழாசிரியர் ஆவர். இரண்டாமாண்டினர் துணையாசிரியராக இருந்து, டிசம்பருக்குப் பின் வரும் கட்டுரைகளைத் தாமே கையாளுதல் நன்று. அப்போது ஏப்ரலில் புதிதாகக் கற்பிக்க ஒன்றும் இராது. இதழின் மின்னஞ்சல் துறையின் பெயரில் இருக்க வேண்டும். கட்டுரைப் பதிவேடு, அச்சகக் கணக்கு, மதிப்பீட்டாளர் பட்டியல், ஏற்கப்பட்டு எஞ்சிய கட்டுரைகள் ஆகிய நான்கையும் ஆலோசகர் முன்னிலையில் ஒப்படைத்து இரு தரப்பினரும் கையொப்பம் இடல் வேண்டும். இது செய்யாதவர் பெயரைக் கடைசிப் பக்கத்தில் அச்சிடலாகாது.

மறுக்கப்பட்ட கட்டுரைகளை என்ன செய்வது என்று மாணவர் கேட்பதுண்டு. கட்டுரையும் மதிப்பீட்டுக் குறிப்பும் எழுதியவர்க்கே திரும்பப் போக வேண்டும். அடுத்த குழு அதனைப் பார்க்க வேண்டிய தேவையில்லை. பதிவேட்டில் அதன் எண், வந்த நாள், முடிவு, முடிவைச் சொன்ன நாள் ஆகிய நான்கு மட்டும் இருக்கும். திருத்தி மீண்டும் அனுப்பினால் புதிய எண்ணோடு, புதிய இருவரிடம் போகும்.